தரையிறங்காத குற்றம்

ஐந்நூறு அடி.

கப்டன் முனாஸ் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். வெள்ளை. பக்கத்து இருக்கையில் துணை விமானி நிஷாந்தினியும் பார்த்தாள். அவளுக்கும் வெள்ளைதான். கற்பிட்டிக் களப்பு எங்கேயோ கீழே கிடந்தது. சிப்பிக்குடா இறங்குதளம் எங்கேயோ முன்னால் கிடந்தது. கிடக்கிறது என்று கருவி அடித்துச் சொன்னது. கண் அதற்குச் சாட்சி சொல்ல மறுத்தது.

சிப்பிக்குடாவுக்கு ஒரேயொரு விதி. ஐந்நூறு அடி வரைக்கும் கருவியை நம்பி வரலாம். அந்த உயரத்தில் ஓடுபாதை கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் இறங்கு, தெரியாவிட்டால் ஏறு. விமானி என்று ஒருவனை வைத்திருப்பதே அந்த ஒரு நொடிக்காகத்தான் என்று முனாஸ் நினைப்பதுண்டு. மிச்ச நேரமெல்லாம் வெறும் சாரத்தியம்.

"தெரியுதா நிஷாந்தினி?"

"இல்ல சேர்."

"அப்ப கோ அரவுண்ட்."

இயந்திரம் உறுமியது. விமானத்தின் மூக்கு நிமிர்ந்தது. பின்னால் எட்டுப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். முன்வரிசையில் வெள்ளைச் சேட்டும் சாரமுமாக இருந்த பிரதம அதிதி, இறங்கப் போகிறோம் என்று அப்போதுதான் தலைமுடியைச் சீவி முடித்திருந்தார். சீப்பைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, ஏன் மேலே போகிறோம் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தார்.

ஒரு வட்டம் அடித்துவிட்டு மறுபடியும் வந்தார்கள். மறுபடியும் வெள்ளை. மறுபடியும் ஏறினார்கள். அதற்கு மேல் வட்டமடிப்பதில் அர்த்தமில்லை என்று முனாஸ் தெற்கே திருப்பிக் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானைத் தளத்தில் கொண்டுபோய் இறக்கினார். ஒருவருக்கும் நகம்கூடப் பெயரவில்லை. எட்டுப் பேரும் முழுசாக வீட்டுக்குப் போய்க் காலைச் சாப்பாடு சாப்பிட்டார்கள்.

குற்றம் இவ்வளவுதான்.

ஆனால் சிப்பிக்குடாவில் அன்று புதிய வருகை மண்டபத்தின் திறப்பு விழா. கையில் வெற்றிலைக் கட்டோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள். பக்கத்தில் பாண்ட் வாத்தியம். கொட்டிலுக்குள் பெரிய பெரிய சஹன் தட்டுகளில் பிரியாணி. கரையோர வான்சேவைகள் அதிகாரசபையின் தலைவர் அலியார் ஹாஜியார் தட்டத்தில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு நின்றார். மூடுபனிக்குள் விமானச் சத்தம் கேட்டது. பாண்ட் முழங்கியது. சத்தம் தூரப் போனது. பாண்ட் நின்றது. சத்தம் திரும்பி வந்தது. பாண்ட் முழங்கியது. சத்தம் போயே போனது. பாண்ட் மாஸ்டர் கையை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நெடுநேரம் தூக்கியபடியே நின்றாராம். அதிதி இல்லாமல் ரிப்பன் வெட்டுவதற்கு யாருக்கும் அதிகாரம் இல்லை. பிரியாணியை மட்டும் அதிகாரம் பார்க்காமல் முடித்தார்கள்.

மறுநாள் முனாஸுக்கு அழைப்பு வந்தது. தரையிறங்காமை விசாரணைக் குழு கூடுகிறது. முடியும்வரை பறக்க வேண்டாம்.

இந்தக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தரையிறங்குவதைப் பற்றி விசாரிக்க அதிகாரசபையில் குழு எதுவும் கிடையாது. இறங்கிய பிறகு விசாரிக்க என்ன இருக்கிறது? போன பனிக்காலத்தில் மூத்த கப்டன் ஒருவர் இதே வெள்ளைக்குள் இதே தளத்தில் இறங்கினார். ஓடுபாதை முடிந்த பிறகும் விமானம் முடியவில்லை. பக்கத்து ஊரான எத்தாளையைச் சேர்ந்த ஒருவரின் வெங்காயப் பாத்திக்குள் போய்த்தான் நின்றது. பயணிகள் வெங்காயத்தாளை மிதித்துக்கொண்டு நடந்து வந்தார்கள். அந்தக் கப்டனுக்கு அதிகாரசபை பொன்னாடை போர்த்தியது. 'இறங்கினார்' என்று மட்டும் பாராட்டுரையில் இருந்தது. எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

இறங்காதவனைத்தான் விசாரிக்க வேண்டியிருந்தது.

விசாரணை சிப்பிக்குடாவிலேயே, அதே புதிய மண்டபத்துக்குள் நடந்தது. முன்வாசலில் ரிப்பன் இன்னும் வெட்டப்படாமல் தொங்கியதால் குழுவினர் சமையலறைப் பக்கத்தால் வரிசையாக உள்ளே போனார்கள். முதலில் குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. மின்விசிறி அணைத்தது. மறுபடி ஏற்றப்பட்டது. மறுபடி அணைந்தது. ஏற்றப்பட்டதாகக் குறித்துக்கொள்ளும்படி பணிப்பாளர் தோமஸ் சொன்னார். குர்ஆனிலிருந்து கிராஅத் ஓதப்பட்டது. அதன்பின் ஜெபம். கடைசியில் எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நின்றார்கள். யாருக்காக என்று முனாஸ் பக்கத்தில் நின்றவரைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. நிகழ்ச்சிநிரலில் இருந்தது, நின்றார்கள்.

தலைமையுரை அலியார் ஹாஜியாருடையது. அவர் கெட்ட மனிதர் இல்லை. புத்தளத்துக்கும் கொழும்புக்கும் இடையே பஸ் ஓட்டி முன்னுக்கு வந்தவர். ஆட்சி மாறினபோது ஆகாயத்துக்குத் தலைவரானார். பஸ்ஸில் கற்றதை அவர் ஆகாயத்தில் மறக்கவில்லை.

"எண்ட பஸ் ஹோல்ட்ல நிக்காமப் போனதெண்டு இந்தச் சபையில ஒருத்தர் சொல்லட்டும். மழை, வெள்ளம், ஹர்த்தால், எல்லாம் பாத்தம். ஹோல்ட் தெரியல்லயெண்டு எண்ட ட்ரைவர் ஒருத்தன்சரி சொன்னானா? சொல்ல மாட்டான். தெரியாட்டி நிப்பாட்டி, கீழ இறங்கித் தேடுவான். ஹோல்ட்ல சனம் நிக்கிது. வெத்தில ஏந்தி நிக்கிது. பாண்ட் அடிச்சி நிக்கிது. அந்தச் சனத்தைப் பாக்காம எப்படி மனசு வந்திச்சி எண்டுதான் நான் கேக்கிறன். நம்மட நிறுவனத்துட அடிப்படையே சேவைதான். பாதுகாப்பு எங்களுக்கும் வேணும். ஆனா அது சேவைக்கு இடைஞ்சலா வரப்படாது."

எல்லோரும் கைதட்டினார்கள். ஐந்நூறு அடியில் நிப்பாட்டிக் கீழே இறங்கித் தேடுவது எப்படி என்று யோசித்தபடி முனாஸும் தட்டினார். தட்டாவிட்டால் அதற்கும் ஒரு குழு வரும் என்று பட்டது.

பிறகு பணிப்பாளர் தோமஸ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். வேறொரு திணைக்களத்தில் படகு எஞ்சின்களுக்கு மானியம் பங்கிட்டுக்கொண்டிருந்தவர் அவர். ஒருமுறை விமானத்தில் ஏறியிருக்கிறார். தூங்கிவிட்டார்.

"கப்டன், அந்த உயரத்தில் நீங்கள் என்ன கண்டீர்கள்?"

"ஒண்டும் காணல்ல சேர்."

"எவ்வளவு நேரம் ஒன்றும் காணாமல் இருந்தீர்கள்?"

"ஒரு செக்கன். அதுக்குள்ள முடிவெடுக்கணும்."

பணிப்பாளர் குழுவைப் பார்த்தார். ஒரு செக்கனில் முடிவு. அதிகாரசபையில் ஒரு மேசைவிசிறி வாங்கும் முடிவுக்கே மூன்று கூட்டம் தேவைப்பட்டது. குழுவினரின் முகங்கள் கறுத்தன.

ஒன்றும் தெரியாத நிலையில், முடிவைப் பரிசீலனையில் வைத்துவிட்டுத் தலைமை அலுவலகத்தைக் கேட்டிருக்கலாமே என்றார் பணிப்பாளர். விமானம் பரிசீலனையில் நிற்காது, அது போய்க்கொண்டே இருக்கும் என்று முனாஸ் விளக்கினார். அத்தோடு அந்த நேரத்தில் தலைமை அலுவலகம் திறந்திருப்பதில்லை. அலுவலக நேரத்துக்கு முன்னரே முடிவெடுக்க வேண்டிய தேவை ஏன் ஏற்பட்டது என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அந்த நேரத்துக்குத்தான் நீங்கள் பயணம் போட்டீர்கள் என்று முனாஸ் சொன்னார். அது பொருத்தமற்ற பதிலென்று நீக்கப்பட்டது.

அடுத்ததாக நிஷாந்தினி சாட்சி. சிலாபத்துப் பெண். கேட்டதற்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாள். தனக்கும் ஒன்றும் தெரியவில்லை என்றாள். இருவரும் அதே ஒன்றுமில்லாததைத்தான் கண்டார்களா, அல்லது ஆளுக்கொன்றா என்று பணிப்பாளர் கேட்டார். அவள் முனாஸைப் பார்த்தாள். அதேதான் என்றாள். அப்படியானால் இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார்களா என்று அடுத்த கேள்வி வந்தது.

முனாஸுக்குக் களைப்பு தொடங்கியது அங்கேதான். கோபம் வரும் என்று எதிர்பார்த்திருந்தார். வந்தது கொட்டாவி.

"பனி சேர்," என்றார். "அண்டைக்குக் கடும் பனி. அவ்வளவுதான் விசயம்."

பணிப்பாளர் ஒரு கோப்பைப் புரட்டினார். அன்றைய பார்வைத்தூர அறிக்கை கையிலேயே இருந்தது. 'தெளிவு' என்று இருந்தது. அந்த அறிக்கை எப்போதும் முதல்நாள் மாலையில், கொழும்பில், நேர அட்டவணையோடு சேர்த்தே தயாரிக்கப்படும். அன்றன்று காலையில் சிப்பிக்குடாவில் நின்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் நல்லதுதான் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் அறிக்கை ஒருநாளும் பிந்தியதில்லையே.

"எங்களிடம் உள்ள ஆவணங்களின்படி பனி இருக்கவில்லை," என்றார் பணிப்பாளர். "இல்லாத பனியை நீங்கள் கண்டீர்கள். இருந்த ஓடுபாதையைக் காணவில்லை. இதைத்தான் குழு விளங்கிக்கொள்ள முயல்கிறது."

ஓடுபாதை உண்மையில் இருந்ததா என்பதையும் நேரில் உறுதிப்படுத்த வேண்டும் என்று ஒரு பிரேரணை வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு குழு வெளியே போனது. உச்சி வெயில். தார் கொதித்தது. களப்பின் அக்கரையில் காற்றாடித் தூண்கள் ஒவ்வொன்றாக எண்ணக்கூடியதாக நின்றன. குழுவினர் குடையோடு ஓடுபாதையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார்கள். காணப்படுகிறது என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொன்னார்கள். ஓர் உறுப்பினர் குனிந்து கையால் தொட்டுப் பார்த்தார். சுட்டது. சுட்டதும் குறிக்கப்பட்டது.

"கப்டன், இப்போது தெரிகிறதா?"

"ஓம் சேர்."

"நன்றி. கப்டனுக்கு ஓடுபாதை தெரியும்."

அடுத்த வாரம் முனாஸைக் கண் வைத்தியரிடம் அனுப்பினார்கள். சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரை வாசித்தார். அதற்குக் கீழே அச்சகத்தின் பெயரையும் வாசித்தார். கண் பழுதில்லை, இளைஞர்களுக்குக்கூட இப்படி இருக்காது என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார். முனாஸ் சந்தோஷப்பட்டார். விசயம் முடிந்தது என்று நினைத்தார்.

சான்றிதழைக் கண்டதும் பணிப்பாளர் வருத்தமாகத் தலையாட்டினார். ஓடுபாதை இருந்தது. குழு நேரில் பார்த்தது. கண்ணும் நல்ல கண். வைத்தியரே சொல்லிவிட்டார். இருக்கிற பொருளை நல்ல கண் காணாமல் விட முடியாது. ஆகவே கப்டன் கண்டிருக்கிறார். கண்டும் இறங்கவில்லை. இது ஒழுக்காற்று விசயம்.

அன்று இடைவேளையில் அலியார் ஹாஜியார் முனாஸைச் சமையலறைக் கதவுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். இரண்டு கோப்பை பிளேன்டீ எடுத்துவரச் சொன்னார். தோளில் கையைப் போட்டார்.

"மகன், உங்கட வாப்பாவ எனக்குத் தெரியும். உங்களக் கவுக்கிற நோக்கம் எனக்கில்ல. ஒரு சின்னச் சொல்லுத்தான். கொஞ்சம் தெரிஞ்சிச்சி எண்டு சொல்லுங்க. மங்கலாத் தெரிஞ்சிச்சி, ஆனா மனசு சரியில்லாம ஏறிட்டன் எண்டு. ஒரு எச்சரிக்கையோட முடிச்சிடுவம். வாற திங்கள் நீங்க பறக்கலாம்."

"தெரியல்லயே ஹாஜியார்."

"தெரிஞ்சதெண்டு சொல்றதால இப்ப ஆருக்கு என்ன நட்டம்?"

நட்டம் யாருக்கு என்று அன்று மாலை நிஷாந்தினி சொன்னாள். மண்டபத்துக்குப் பின்னால் வாகனத்துக்குக் காத்துக்கொண்டு நின்றார்கள். பணிப்பாளரின் காரியாலயத்தில் ஒரு சுற்றுநிருபம் தட்டச்சாகித் தயாராக இருக்கிறதாம். அதைத் தட்டச்சடித்த பெண்ணே அவளிடம் சொன்னாளாம். கப்டன் முனாஸின் வாக்குமூலப்படி அந்தளவு பனியிலும் சிப்பிக்குடா ஓடுபாதை மங்கலாகத் தெரியும். எனவே இனிமேல் அந்தளவு பனியில் எல்லா விமானிகளும் இறங்க வேண்டும். வாக்குமூலம் மட்டும்தான் இன்னும் வரவில்லை.

"வாற மாசம் என்னைக் கப்டன் ஆக்கிறாங்க சேர். காலமைப் பயணம் எனக்குத்தான். நீங்க தெரிஞ்சதெண்டு சொன்னா, பிறகு நான் ஏறுற நேரம் 'முனாஸுக்குத் தெரிஞ்சது, உனக்கு ஏன் தெரியல்ல' எண்டுதான் கேப்பாங்க."

"நீ ஏறுவாய்தானே?"

அவள் பையின் வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள்.

"முதல் தடவ ஏறுவன் சேர். ரெண்டாந் தடவையும் ஏறுவன். அதுக்குப் பிறகும் இதே விசாரண, இதே விளக்கு, இதே கேள்வியெண்டா…" என்றவள் அவர் முகத்தைப் பார்க்காமல் முடித்தாள். "உங்களிட்டப் பொய் சொல்ல ஏலாது. இறங்கிப் பாப்பன் எண்டுதான் நினைக்கிறன்."

நல்ல விமானி அவள். ஒரு நிறுவனம் நல்ல விமானியை வெங்காயப் பாத்திக்குள் இறக்குவது இப்படித்தான். தள்ளிவிடாது. கேள்வி கேட்டுக் கேட்டுக் களைக்கப் பண்ணும். அந்தக் களைப்பு எப்படியிருக்கும் என்று இப்போது முனாஸுக்குத் தெரியும்.

வீட்டில் மனைவி றிஸ்மியா இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். நடந்ததைச் சொன்னார். தெரிந்ததென்றால் பொய். அதற்கு நிஷாந்தினியும், அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து வரப் போகிறவர்களும் விலை கொடுக்க வேண்டும். தெரியவில்லை என்றே நின்றால் ஒழுக்காற்று நடவடிக்கை, வேலை போகும். அதோடு அந்தச் சுற்றுநிருபமும் எப்படியும் வரும். நல்ல கண்ணுள்ளவன் கண்டுவிட்டு மறுத்தான் என்று எழுதிக்கொள்வார்கள். மிச்சம் ஒரே ஒரு வழிதான். கண் பழுது என்று சொல்லிவிடுவது. பழுதான கண்ணை வைத்து எந்தச் சுற்றுநிருபமும் எழுத முடியாது.

றிஸ்மியா இறாலின் தலையைத் திருகி எறிந்தாள்.

"கண்ணு பழுதெண்டு சொல்லிட்டா, பிறகு பறக்க ஏலாதே."

"ஏலாது."

"ஒருக்காலும்?"

"ஒருக்காலும்."

றிஸ்மியா அடுத்த இறாலை எடுத்து உடைத்தாள். அவருக்குப் பறப்பது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். கல்யாணம் பேசி வந்த நாளிலேயே, மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்ததைவிட வானத்தைப் பார்த்ததுதான் அதிகம் என்று அவளுடைய மூத்த சகோதரி கேலி பண்ணியவள்.

"சாட்சி வேணுமெண்டா என்னைக் கூப்பிடுங்க," என்றாள் கடைசியில், தலை நிமிராமல். "உப்புப் போத்தல் மூக்குக்கு நேர இரிக்கிற நேரம் 'எங்க உப்பு, எங்க உப்பு' எண்டு இந்த மனிசன் வீடு முழுக்கத் தேடுவார். அத நான் அல்லாஹ்வுக்காகச் சத்தியம் பண்ணிச் சொல்லுவன்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. முன்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இறால் தண்ணி தெறித்துவிட்டது என்றாள்.

கடைசி அமர்வில் விளக்கு ஒரே தடவையில் பற்றியது. நல்ல சகுனம் என்றார்கள். முனாஸ் எழுந்து நின்றார்.

"சேர், எண்ட கண்ணுதான் பழுது."

மண்டபத்தில் ஒரு பெருமூச்சு ஓடியது. அத்தனை நாளும் இறுகிக் கிடந்த முகங்கள் இளகின. ஒருவர் அவருக்குத் தண்ணீர்ப் போத்தலை நகர்த்தி வைத்தார். எந்தக் கண் என்று பணிப்பாளர் மெதுவாகக் கேட்டார். இரண்டும் என்றார் முனாஸ். எப்போதிருந்து? ஐந்நூறு அடியிலிருந்து.

வைத்தியரின் சான்றிதழ் என்ன ஆவது என்று ஓர் உறுப்பினர் இழுத்தார். பணிப்பாளர் அதை அழகாகத் தீர்த்தார். அந்தச் சான்றிதழ் தரைமட்டத்தில் உள்ள ஓர் அறையில் வழங்கப்பட்டது. ஐந்நூறு அடி உயரத்தில் கண் எப்படி என்று வைத்தியர் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எனவே முரண்பாடு இல்லை. நிஷாந்தினியின் சாட்சியத்துக்கும் வழி கிடைத்தது. மூத்தவர் காணாததை இளையவர் காண்பது மரியாதைக் குறைவு என்பதால் அவளும் காணாமல் இருந்திருக்கிறாள். அவளது பணிவு பாராட்டப்பட்டது.

அலியார் ஹாஜியார் கைக்குட்டையை எடுத்தார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது.

"பாருங்க, ஒரு குருடன்… மன்னிக்கணும், ஒரு பார்வ குறைஞ்ச மனிசன் இவ்வளவு நாளும் நம்மட சனத்த ஏத்திப் பறந்திரிக்கார். ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கல்ல. இது நம்மட நிறுவனத்துட பராமரிப்பு முறைக்குக் கெடச்ச வெற்றி. இப்படியானவர நாங்க தெருவுல விடமாட்டம். மனிதாபிமானம் எங்கட ரெண்டாவது அடிப்பட. சேவையில இரிக்கிற நேரம் உறுப்பு இழந்தவருக்குத் தரையில ஒரு வேல குடுக்கணுமெண்டு சட்டம் இரிக்கி. பாத்தம். ஒரே ஒரு வெற்றிடம்தான் இரிக்கி. தளம் திறந்த காலத்தில இருந்து ஆளில்லாம இரிக்கி. கண்ணுதானே பழுது, வாய் நல்லா இரிக்கிதானே?"

அப்படித்தான், பார்வை இல்லையென்று உத்தியோகபூர்வமாகத் தீர்ப்பளிக்கப்பட்ட முனாஸ், சிப்பிக்குடா இறங்குதளத்தின் பார்வைத்தூர அவதானிப்பாளராக நியமனம் பெற்றார். ஓடுபாதையின் ஓரத்தில் கொங்கிறீட் படி ஏறிப் போனால் ஒரு சின்ன அறை. நாலு பக்கமும் கண்ணாடி. மேசையில் ஒரு வானொலிப் பெட்டி. வரும் விமானிக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது என்று அங்கிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். கேட்டவர்களில் எவரும் சிரிக்கவில்லை. நியமனத்தை வாசித்தபோது கைதட்டினார்கள்.

அடுத்த பனிக்காலம் வந்தது. ஒரு காலை களப்பு முழுவதும் வெள்ளையாக எழுந்து வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. ஓடுபாதையின் விளிம்புக் கல்கூடத் தெரியவில்லை. மேலே சத்தம் கேட்டது. வானொலி கரகரத்தது.

"சிப்பிக்குடா, கப்டன் நிஷாந்தினி. எவ்வளவு தூரம் தெரியுது?"

"ஒண்டும் தெரியல்ல."

"விளங்கிச்சு. திரும்பிப் போறன்."

சத்தம் நெருங்காமலே தெற்கே திரும்பிப் போனது. போகும் திசையைக் காதாலேயே பின்தொடர்ந்தார். இந்த இடத்தில் மூக்கை நிமிர்த்துவாள், இந்த இடத்தில் வலப்பக்கம் சாய்ப்பாள் என்று அவருடைய கைகள் தாமாகவே மேசைமேல் அசைந்தன.

அலுவலகம் திறந்ததும் பணிப்பாளரின் தொலைபேசி வந்தது. விமானம் இறங்காததற்கு ஒரு காரணம் கோப்பில் எழுத வேண்டும் என்றார். முனாஸ் பனி என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

"எண்ட கண்ணு சேர். காலமையில இருந்து சரியில்ல."

"அப்படியா? கவனமாக இருங்கள்," என்றார் பணிப்பாளர். குரலில் மெய்யான நிம்மதி. காரணம் கிடைத்துவிட்டது. குற்றமுள்ளவர் ஏற்கனவே தீர்ப்புப் பெற்றவர். குழு கூட வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு பனி வந்த நாளெல்லாம் அவருடைய கண் பழுதாகிப்போனது. வெயில் வந்ததும் கண் சரியாகிவிடும். நோய் விசித்திரமானதுதான், ஆனால் சுகயீன விதிகளுக்குள் அது அடங்கியது. நிஷாந்தினி திரும்பினாள். மற்றவர்களும் திரும்பினார்கள். வெங்காயப் பாத்தியில் இறங்கிப் பொன்னாடை வாங்கிய மூத்த கப்டனும் ஒருநாள் திரும்பினார். வானொலியில் அவர் நன்றி சொன்ன குரலில் அழுகைபோல ஏதோ இருந்தது. அந்தக் காலம் முழுவதும் ஒரு விசாரணைகூட நடக்கவில்லை. ஒழுக்கம் உயர்ந்திருப்பதாக ஆண்டறிக்கை சொன்னது.

அலியார் ஹாஜியாரே ஒருநாள் நிஷாந்தினியின் காலை விமானத்தில் வந்தார். காலையில் திரும்பிப் போய், பனி விலகிய பிறகு இரண்டாந் தடவை வந்து இறங்கினார்கள். இறங்கிய கையோடு அவர் மூச்சு வாங்க அந்தப் படிகளில் ஏறி முனாஸின் அறைக்கு வந்தார்.

"உங்கட கண்ணால எனக்கு அரை நாள் போச்சி மகன்," என்றார். "பரவாயில்ல. கோவிக்கல்ல. அல்லாஹ் தந்த சோதன. இண்டைக்கு எப்படி, கொஞ்சமாவது தெரியிதா?"

முனாஸ் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். ஓடுபாதை முனைக்கு முனை பளிச்சென்று கிடந்தது. அதன் நடுவில் படுத்திருந்த நாய் காதைச் சொறிவது தெரிந்தது. களப்பில் யாரோ வலைக்கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார்கள். கீழே விமானத்தின் கதவடியில் நிஷாந்தினி நின்றாள். பயணிகள் ஒவ்வொருவராக இறங்கி, உடுப்பைத் தட்டிவிட்டுக்கொண்டு, வீடு போகும் அவசரத்தில் நடந்தார்கள். ஒரு பிள்ளை தூக்கச் சொல்லி அழுதது.

"கொஞ்சம்," என்றார்.

"இன்ஷா அல்லாஹ் சுகமாகும். வாங்க, சாப்பிடப் போவம்." ஹாஜியார் அவருடைய முழங்கையைப் பிடித்தார். காது கேளாதவரிடம் பேசுவதுபோலச் சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "பாத்து. படி இரிக்கி. மெல்ல. நான் புடிச்சிரிக்கன்."

கையை உதறிவிட ஒரு கணம் போதும். கீழே நிஷாந்தினி தலையை உயர்த்தி இங்கேதான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முனாஸ் ஹாஜியாரின் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு வெயிலில் மின்னிக்கொண்டிருந்த முதல் படியை, செருப்பு நுனியால் தடவித் தேடி, மெல்லக் காலை வைத்தார்.